பழைய கஞ்சாப் பழக்கமும் பாதுகாப்பு அனுமதியும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அதற்கு அரசு ரகசியங்களைக் கையாள்வதற்கான ‘சீக்ரெட்’ நிலைப் பாதுகாப்பு அனுமதி பெற்றாக வேண்டும். கொலராடோவில் படித்தபோது சில முறை கஞ்சா புகைத்ததாகவும், தேர்வு நேரத்தில் அறைத்தோழனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த அடரால் என்னும் கவனக்குறைபாட்டு மாத்திரையை விழுங்கியதாகவும் இப்போதுதான் சொல்கிறான். எல்லாவற்றையும் விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த மாநிலத்தில் கஞ்சா குற்றமில்லை, படிவத்தில் எழுதாதே என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது?

– வாசகி, விர்ஜீனியா

பதில்: அவசியம் எழுத வேண்டும். பாதுகாப்பு அனுமதிக்கான எஸ்.எஃப்.-86 விண்ணப்பப் படிவத்தின் 23-ஆம் பிரிவு, கடந்த 7 ஆண்டுகளின் போதைப்பொருள் பயன்பாட்டைக் கேட்கும்போதே, மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தாலும் மத்திய அரசின் சட்டப்படியே பதிலளிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. மருத்துவர் மற்றவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்கியதற்கும் அங்கே தனிக் கேள்வி உண்டு. கஞ்சாவை எழுதுகிறவர்கள்கூட இதைக் கோட்டைவிட்டுவிடலாம்.

எழுதினால் வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம். அந்தப் பிரிவில் உண்மையாகத் தரும் பதில், பின்னர் குற்றவழக்கில் உங்கள் மகனுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தப்படாது என்று படிவமே உறுதியளிக்கிறது. வேலை போய்விடும் என்பதும் மிகையான அச்சமே. அனுமதி தரலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூன் முதல் நடப்பிலுள்ள 13 நெறிமுறைகளில் போதைப்பொருள் பற்றியது ஒன்றுதான். அதிலும் எப்போது, எத்தனை முறை, எந்தச் சூழலில், மீண்டும் தொட வாய்ப்புண்டா என்று முழு மனிதரையும் எடைபோட்டே முடிவெடுக்கிறார்கள். பழைய கஞ்சாப் பயன்பாடு கவனிக்கத்தக்கது, ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று தேசியப் புலனாய்வு இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெய்ன்ஸ் 2021 டிசம்பரில் வழிகாட்டினார். இன்னமும் பயன்படுத்துகிறவருக்கோ நிலைமை வேறு. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு அனுமதி தரவே இயலாது.

உண்மையான ஆபத்து மறைப்பதில்தான் இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய மத்தியக் குற்றம். இன்று யாரும் தோண்டாமல் போனாலும், சில ஆண்டுகளில் இதைவிட உயர்ந்த ‘டாப் சீக்ரெட்’ நிலைக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால் அதிகாரிகள் உங்கள் மகனையும் அவரை அறிந்தவர்களையும் நேரில் விசாரிப்பார்கள். அந்த அறைத்தோழனே உள்ளதைச் சொல்லிவிடக்கூடும். மன்னிக்கத்தக்க மாணவப்பருவத் தவறு அப்போது நேர்மையைப் பற்றிய கேள்வியாக மாறிவிடும், அதைத் துடைப்பது மிகக் கடினம்.

ஆகவே முதல் முறை, கடைசி முறை இரண்டின் மாதத்தையும் ஆண்டையும் எழுதட்டும். சரியாக நினைவில்லையெனில் ‘உத்தேசம்’ என்ற கட்டத்தைக் குறிக்கலாம். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட வேண்டாம். பழைய நண்பர் வட்டத்திலிருந்து விலகியிருந்தால் அதைச் சொல்லட்டும். இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியையும் இணைக்கலாம். நெறிமுறைகளே அதைச் சாதகமாகக் கருதுகின்றன. கஞ்சா கலந்த மிட்டாயும் கஞ்சாதான் என்பதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அனுமதி தரத் தயங்கும் காரணங்களைச் சொல்லும் ஆட்சேபக் கடிதம் அரசிடமிருந்து வந்தால் அதுவே முடிவல்ல. எழுத்தில் பதிலளித்து, நிர்வாக நீதிபதியின் முன் நேரில் விளக்கமளிக்கவும் ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு உரிமை உண்டு. ஆனால் பதிலுக்கான கெடு குறுகியது. கடிதம் கைக்கு வந்த அன்றே இத்துறை வழக்கறிஞரை அணுகுங்கள்.