ஹார்ட் டிஸ்க் நின்று நின்று போகிறதா? ஹப்புக்கு வரும் கரண்டைப் பாருங்கள்

கேள்வி: தக்கலையில் ஆவண எழுத்து அலுவலகம் நடத்துகிறேன். லேப்டாப்பில் இரண்டே யூஎஸ்பி போர்ட். 300 ரூபாய்க்கு நாலு போர்ட் ஹப் வாங்கி கீபோர்டு, மவுஸ், கைரேகைக் கருவி, ஹார்ட் டிஸ்க் மாட்டினேன். பிரிண்டர் லேப்டாப்பிலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் அடிக்கடி காணாமல் போகிறது. குறைந்த விலையில் நல்ல ஹப் எது?

பதில்: புதிதாக வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் நேராகச் செருகி, பிரிண்டரை ஹப்புக்கு மாற்றுங்கள். பிரிண்டருக்குத் தனி மின்சாரம் உண்டு. ஹப்பிலிருந்து அது எடுப்பது சொற்பம். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

காரணம், அடாப்டர் இல்லாத ஹப் லேப்டாப்பின் ஒரே போர்ட்டில் வரும் கரண்டைத்தான் நாலாகப் பங்குபோடுகிறது. அந்தப் போர்ட் பழைய யூஎஸ்பி 2.0 வகை என்றால் மொத்தம் 500 மில்லி ஆம்பியர், அதைவிட வேகமான 3.0 வகை என்றால் 900. கீபோர்டு, மவுஸுக்கு அது தாராளம். சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கோ ஓடத் தொடங்கும் நொடியில் 900ஐ ஒட்டி இழுக்கும். கிடைக்காவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் பத்திரமே கெட்டுவிடலாம், அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள்.

ஹப்பில்தான் டிஸ்க் வேண்டும் என்றால், 5 வோல்ட், குறைந்தது 2 ஆம்பியர் அடாப்டர் கூடவே வரும் 3.0 ஹப் வாங்குங்கள். நீல நிறத்தில் இருந்தாலே 3.0 என்று நம்ப வேண்டாம். பிளக்குக்குள் எட்டிப் பாருங்கள்: முன்னே 4 தகடு, உள்ளே தள்ளி இன்னும் 5 இருந்தால்தான் 3.0. சில மலிவு ஹப்களில் ஒரு போர்ட் மட்டும் 3.0, மற்றவை 2.0, டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே இன்னொரு சோதனை: ஹப்பைக் கம்ப்யூட்டரில் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஹப்பின் அடாப்டரை மட்டும் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஏதாவது விளக்கு எரிந்தால் கரண்ட் பின்னோக்கிப் பாய்கிறது. அந்த ஹப் வேண்டாம்.

அடாப்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இல்லாவிட்டால், கரண்ட் போகும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஹப் மட்டும் பலமிழந்து டிஸ்க்கை விட்டுவிடும். வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினால் மவுஸ் திணறும்; 3.0 போர்ட் கிளப்பும் ரேடியோ இரைச்சல், மவுஸ் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. தள்ளி வையுங்கள்.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் அலுவலகம் இருப்பவர்கள் காலிப் போர்ட்டுகளை ரப்பர் மூடியால் அடைத்து வையுங்கள். உப்புக் காற்றில் தகடு பச்சை பூத்துவிடும்.