20 நானோமீட்டர் இடைவெளி: நரம்பு செல் பற்றிப் பெங்களூரு வாசகர் கேள்விகள்

செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையும் (புரதமும் கொழுப்பும் தயாராகும் சவ்வு வலை) மைட்டோகாண்ட்ரியாவும் (ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு) தொட்டுக்கொள்கின்றன என்றால், இரண்டின் சவ்வும் ஒன்றாகிவிடுமா?
பி.யு. மாணவி, அல்சூர்

ஆகாது. நடுவே 10 முதல் 30 நானோமீட்டர் இடுக்கு இருக்கும். வலையின் பக்கம் விஏபிபி, மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் பிடிபிஐபி51 என்று புரதங்கள் கைகோத்து அந்தத் தூரத்தைக் காக்கின்றன. வலையிலிருந்து வெளிவரும் கால்சியம் இந்த இடுக்கில் மட்டும் சட்டென்று செறிவாகும். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு வாயில் குறைந்த செறிவில் எளிதில் திறக்காது. அதற்கு அந்த உச்சம் வேண்டும். உள்ளே போன கால்சியம், செல்லின் எரிபொருளான ஏடிபி தயாரிப்பை முடுக்கிவிடும்.

எல்லா செல்லிலும் இந்தத் தொடர்பு உண்டே. பழுதானால் நரம்பு செல் மட்டும் ஏன் முதலில் படுக்கிறது?
ஆசிரியை, ஜாலஹள்ளி

முக்கியக் காரணம் நீளம். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை ஓடும் ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) ஏறத்தாழ 1 மீட்டர். மைட்டோகாண்ட்ரியா நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போனாலும் முனையை அடைய 11 நாளுக்கு மேல் ஆகும். (சில்க் போர்டு நெரிசல் தேவலாம்.) வழியில் நிற்கவும் செய்யும். அதனால் முனையில் இருப்பவை அங்கேயே கால்சியத்தையும் கொழுப்பையும் பரிமாறிச் சமாளிக்க வேண்டும். விஏபிபி புரதத்தின் 56ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் வந்தாலே பரம்பரை இயக்க நரம்பணு நோய் வரும். பிரேசில் குடும்பங்களில் இது கண்டறியப்பட்டது 2004இல்.

கான்ஃபோகல் (லேசர் ஒளி) நுண்ணோக்கியில் வலை பச்சை, மைட்டோகாண்ட்ரியா சிவப்பு. மஞ்சள் தெரிந்தால் அது இரண்டும் நெருங்கும் தொடர்பிடம் என்று எழுதலாமா?
ஆராய்ச்சி மாணவர், யலஹங்கா

எழுதாதீர்கள். கான்ஃபோகலின் பிரிதிறன் பக்கவாட்டில் சுமார் 200 நானோமீட்டர், ஆழத்தில் 500க்கும் மேல். 20 நானோமீட்டர் இடைவெளியும் 150ம் அதற்கு ஒரே மஞ்சள்தான். போதாக்குறைக்கு ஆக்ஸான் ஒடுக்கமானது. எந்த இரண்டு உறுப்புக்கு நிறமேற்றினாலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

நம்பத்தக்கது எலக்ட்ரான் நுண்ணோக்கி. 2.5% குளூட்டரால்டிஹைடில் நிலைநிறுத்தி, ஆஸ்மியம் ஏற்றி, 60 முதல் 70 நானோமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவின் சுற்றளவில் எத்தனை சதவீதம், வலைக்கு 30 நானோமீட்டருக்குள் வருகிறது என்று அளவிடுங்கள். எது நோயுற்ற மாதிரி என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. நிலைநிறுத்தத் தாமதித்தால் மைட்டோகாண்ட்ரியா ஊதி, அளவு முழுக்கப் பொய்யாகும். இங்கேதான் பலருடைய உழைப்பு வீணாகிறது.

அருகாமைப் பிணைப்புச் சோதனை 40 நானோமீட்டருக்குள் இருப்பதைப் புள்ளியாகக் காட்டும். முயலில் ஒன்று, எலியில் ஒன்று என இரு எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) தேவை. ஒன்றை விட்டுவிட்ட கட்டுப்பாட்டு மாதிரி கட்டாயம். இரண்டாகப் பிரித்த ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) முறையில் வேறு சிக்கல்: பாதிகள் சேர்ந்தால் பிரியாது. அதிகம் உற்பத்தியானால் அதுவே உறுப்புகளை ஒட்டவைத்துவிடும்.

பெங்களூரில் இதில் ஆய்வு நடக்கிறதா?
வாசகர், மல்லேஸ்வரம்

நடக்கிறது. ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள என்சிபிஎஸ்ஸில் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) பழ ஈயின் கண்ணை வைத்து, வலைக்கும் செல்சவ்வுக்கும் இடையிலான தொடர்பிடங்களை ஆராய்கிறார்கள். அங்கே கொழுப்பைக் கடத்தும் ஆர்டிஜிபி என்ற புரதம் இல்லாத ஈக்கு வெளிச்சத்தில் விழித்திரை சிதையும்.

அண்ணனுக்கு எம்எஃப்என்2 (மைட்டோகாண்ட்ரியா புரதம் ஒன்றுக்கான மரபணு) மாற்றத்தால் சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய். நானும் பரிசோதிக்க வேண்டுமா?
வாசகி, ராமமூர்த்தி நகர்

முதலில் அண்ணனின் அறிக்கையில் 'நோய் உண்டாக்கும்' என்றிருக்கிறதா, 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்றிருக்கிறதா பாருங்கள். இரண்டாவதை வைத்து உங்களைச் சோதிப்பதில் பயனில்லை. முதலாவது என்றால், முழு மரபணுத் தொகுதி வேண்டாம். அதே ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இது பெரும்பாலும், மாறிய மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே நோய் வரும் வகை, ஆகவே பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு 50%. பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். சோதனைக்கு முன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அண்ணனுக்கு எந்தக் காரணத்துக்காவது கீமோதெரபி என்றால் இந்த நோயை முன்கூட்டியே சொல்லுங்கள். கீமோதெரபியில் தரும் வின்கிறிஸ்டின் மருந்து இவர்கள் நரம்பைக் கடுமையாகப் பாதிக்கும்.

அப்பாவுக்குப் பார்கின்சன். மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று கோகியூ10 மாத்திரை விற்கிறார்கள். தொடர்பிடம் கூடுமா?
வாசகர், ஒயிட்ஃபீல்டு

கூட்டும் என்று காட்டிய மனித ஆய்வு எதுவுமில்லை. கூடினால் நல்லது என்பதும் தவறு. ஆல்சைமர் மாதிரிகளில் இந்த இணைப்பு மிகையாகக் காணப்பட்டது. கால்சியம் அளவுக்கு மீறி நுழைந்தால் மைட்டோகாண்ட்ரியா வெடித்து செல் சாகும். பார்கின்சனில் ஆல்ஃபா-சைனுக்ளீன் என்ற புரதம் விஏபிபியைப் பிடித்து இணைப்பைத் தளர்த்துகிறது. தினமும் 1,200, 2,400 மில்லிகிராம் கோகியூ10 கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனையின் முடிவு 2014இல் வந்தது: பலனில்லை. அப்பா வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவரானால் இந்த மாத்திரையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வார்ஃபரினின் வேலையை இது குறைக்கக்கூடும்.