கடை, வேலை, குடும்ப குரூப்: சில கேள்விகள், என் பதில்கள்

மக்கள் தொடர்புத் துறையில் எனக்கு இருபது வருட அனுபவம். சமூக வலைத்தளம் பற்றி நீங்கள் கேட்டவற்றில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈரோட்டில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். அதிரசத்தில் முடி கிடந்ததாக ஒருவர் இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் வந்து திட்டுகிறார்கள். அந்த கமெண்ட்டுகளை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள் அண்ணா. அழித்தது ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும். இன்றைக்கே அவருக்கு போன் போட்டுப் பேசுங்கள். அப்புறம் நீங்களே கேமரா முன் நின்று, தவறு எங்களுடையது, சமையல்கட்டில் இன்னதை மாற்றியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்ற வாசகம் மட்டும் வேண்டாம்.

பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2008-இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் பயணம் செய்த கனடாப் பாடகர் டேவ் கேரலின் கிடார் உடைந்தது. பழுது பார்க்க ஆன செலவு 1,200 டாலர். மாதக்கணக்கில் அலையவிட்டுக் கடைசியில் கையை விரித்தார்கள். 2009 ஜூலையில் அவர் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட, உலகமே பார்த்தது. 2017 ஏப்ரலில் சிகாகோவில் அதே நிறுவனத்தின் விமானத்திலிருந்து ஒரு பயணியைத் தரதரவென்று இழுத்து இறக்கினார்கள். பயணிகளுக்கு 'மாற்று ஏற்பாடு' செய்ய வேண்டி வந்ததற்காக மன்னிக்கவும் என்றது தலைமை அதிகாரி ஆஸ்கர் முனோஸின் முதல் அறிக்கை. ரத்தம் வழிந்த முகத்தை எல்லோரும் பார்த்துவிட்ட பிறகு அப்படி ஒரு சொல்! மறுநாள் முழு மன்னிப்புக் கேட்டார். அதற்குள் கோபம் பல மடங்காகிவிட்டது.

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டின் தளத்தில் 900 பேர் தொடர்பில் இருந்தும் வேலை கிடைக்கவில்லையே?

தம்பி, வேலைச் செய்தி நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று 1973-இலேயே சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் எழுதினார். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும் அல்லவா? லிங்க்டினில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022-இல் வெளியான ஆய்விலும், ஓரளவு தெரிந்தவர்களே வேலை மாற அதிகம் உதவியது தெரிந்தது. உங்கள் 900-லும் அப்படிச் சிலர் இருப்பார்கள்: கல்லூரி சீனியர், இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து மேஜைக்காரர். 'சார், வேலை இருக்கா?' என்று அனுப்பாதீர்கள். அவர்கள் செய்கிற வேலையைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டை இரண்டே வரியில் சொல்லுங்கள்.

வேலைக்கு எடுப்பவர்கள் பழைய பதிவுகளைப் பார்ப்பார்களா?

பலர் பார்க்கிறார்கள். சாதியையோ பெண்களையோ இழிவாக எழுதியது இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைக்கார அண்ணனிடம் அழிக்காதே என்றேன். அது அடுத்தவர் சொன்னது, இது நீங்கள் சொன்னது.

குடும்ப குரூப்பில் பெரியப்பா வதந்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எப்படிச் சொல்வது?

குரூப்பில் சொல்லாதேம்மா. எல்லோர் முன்னாலும் திருத்தினால் அவருக்குத் தலைகுனிவாகிவிடும். போன் போட்டுப் பேசு. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு அம்மா, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரே கூடி அடித்ததில் உயிர் போனது. வேறு மாநிலங்களிலும் இதே வதந்தியால் கொலைகள் நடந்தன. அதன் பிறகுதான், அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இதைப் பெரியப்பாவிடம் பொறுமையாகச் சொல். அந்த அம்மாவுக்கு 65 வயது என்பதையும் சொல்.