தானாக முளைத்தவை

அன்புள்ள ஐயா,

வீட்டுக்கழிவு உரம் போட்ட தொட்டிகளில் நான் விதைக்காத நாற்றுகள் கிளம்பியிருக்கின்றன. தக்காளி, பூசணி போலத் தெரிகிறது. சில என்னவென்றே தெரியவில்லை. பிடுங்கிவிடவா, விடவா? காசு கொடுத்து வாங்கிய மிளகாய் விதை மட்டும் முளைக்க மாட்டேன் என்கிறது. 4ஆம் நாள் தோண்டிப் பார்த்தேன், போட்டபடியே கிடந்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

என் உரக்குழி ஓரத்திலும் ஒரு பூசணி முளைத்திருக்கிறது. ஒரு வாரமாகக் காலையில் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தவன் 'தோண்டிப் பார்த்தேன்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

ஏன் தோண்டினீர்கள்? மிளகாய்க்கு இரண்டு வாரம்கூட ஆகும். விதையிலிருந்து முதலில் வருவது இலை இல்லை, வேர். அதன் நுனிக்குச் சற்று மேலே வெள்ளைப் பஞ்சு மாதிரி வேர்த்தூவிகள் மண்ணைப் பிடித்திருக்கும். விரலால் கிளறினால் அவை அறுந்துபோகும். மேலே ஒன்றும் தெரியவில்லை என்பதால் கீழே ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 1879இல் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் மிச்சிகனில் 20 புட்டிகளில் விதைகளைப் புதைத்துவைத்தார். 2021இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. காய்கறி விதைகள் அவ்வளவு காலம் தாங்காது, உண்மைதான். ஆனால் 4 நாள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் நானும் இதைச் செய்தவன்தான். ஒரு பூசணி நாற்று விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மூச்சு முட்டுமே என்று நகத்தால் தோலை இழுத்தேன். உள்ளே மடிந்திருந்த வித்திலை இரண்டும், அதாவது விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலைகள், தோலோடு சேர்ந்து வந்துவிட்டன. வெறும் தண்டு மட்டும் நின்றது. அம்மா திட்டவில்லை. "ஒரு சொட்டுத் தண்ணி வெச்சிருந்தா அதுவே கழட்டிப் போட்டிருக்கும்" என்றார். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், பூசணி நாற்றுக்கு வேரும் தண்டும் சேரும் இடத்தில் சின்ன ஆப்பு மாதிரி ஒன்று உண்டு. அது தோலின் ஓரத்தை மிதித்துப் பிடித்துக்கொள்ள, வித்திலைகள் மேல்நோக்கி உருவிக்கொண்டு வெளியே வரும். மேலாக விழுந்த விதையில் சில சமயம் அந்தப் பிடி தவறிவிடும். அன்று நான் பார்த்தது அப்படி ஒன்றுதான்.

உங்கள் தக்காளியும் அப்படித்தான், தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பழத்துக்குள் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு அதை முளைக்கவிடாமல் வைத்திருக்கும். பழம் அழுகும்போது அது கரையும். உங்கள் உரம் அதிகம் சூடேறியிருக்காது, அதனால் விதை பிழைத்தது.

பிடுங்குவதா என்று கேட்டீர்கள். வித்திலைக்கு அடுத்த இலைகள் வரும்வரை எதையும் தொடாதீர்கள். அவற்றைப் பார்த்தால் என்ன செடி என்று தெரிந்துவிடும். தக்காளி இலையைக் கசக்கினால் வாசனையே சொல்லும். ஹைபிரிட் பழத்தின் விதையென்றால் தாயைப் போலவே காய்க்காது, போகட்டும். பூசணி மட்டும் காய்த்தபின் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுத் தூக்கி எறியுங்கள். அந்த விதை உருவானபோது வேறு வகையோடு மகரந்தம் கலந்திருந்தால் அந்தக் கசப்பு நஞ்சாகவும் இருக்கலாம். சமைத்தாலும் போகாது.

சரி, தோண்டிய மிளகாய் விதையைத் திரும்ப மூடினீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே.