காயிலோவர் போட்ட பிறகு கார் ஒருபக்கம் தாழ்ந்து நிற்கிறது: செட்டை மாற்றித் தரக் கேட்கலாமா?

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்குக் கோவையில் ஒரு கடையில் காயிலோவர் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த, மரையைத் திருப்பி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) செட் வாங்கி, அங்கேயே பொருத்திக்கொண்டேன். முன்பக்கம் வலது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி, இடது பக்கத்தைவிட 12 மி.மீ. குறைவாக இருக்கிறது. “ஓட ஓட ஸ்பிரிங் அமர்ந்து சரியாகிவிடும்” என்கிறார் கடைக்காரர். காத்திருக்கலாமா, செட்டை மாற்றித் தரக் கேட்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: காத்திருப்பதால் பயனில்லை. புதிய ஸ்பிரிங் தொடக்க ஓட்டத்தில் சில மி.மீ. அமர்வது உண்மைதான், ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் அமருமே தவிர, தாழ்ந்த பக்கம் தானாக உயர்ந்து வராது. அதற்காகச் செட்டில்தான் குறை என்று இப்போதே முடிவுகட்டுவதும் சரியன்று. இந்த வித்தியாசம் ஸ்பிரிங்கிலிருந்தும் வரலாம், பொருத்திய விதத்திலிருந்தும் வரலாம், காரின் பாடியிலிருந்தே வரலாம். எதிலிருந்து வருகிறது என்பதைப் பிரித்துக் காட்டினால்தான் கடையில் உங்கள் பேச்சு எடுபடும்.

முதலில் அளவை ஒழுங்காக எடுங்கள். நான்கு டயரிலும் நிறுவனம் சொன்ன காற்றழுத்தம் இருக்க வேண்டும். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தனியாக ஓட்டுபவர் என்றால் ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக 25 கிலோ அரிசிச் சிப்பங்களை அடுக்குங்கள். நம் கார்களில் ஓட்டுநர் அமர்வது வலப்புறம் என்பதால், ஆள் ஏறியதும் அந்தப் பக்கம் மேலும் சற்று இறங்கும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்கக் கூடாது. சக்கரம் தொங்கியபோது உள்வாங்கிய டயர் தரையைப் பிடித்துக்கொள்வதால் வண்டி உயரமாகவே நிற்கும். முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டிய பிறகே அது உண்மையான உயரத்துக்கு வரும். மட்கார்டு விளிம்பை மட்டும் நம்பவும் வேண்டாம். எப்போதோ இடிபட்டு டின்கரிங் பார்த்த மட்கார்டே சில மி.மீ. தள்ளி நிற்கக்கூடும். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் தகட்டு விளிம்பிலிருந்து தரை வரை இரு பக்கமும் அளந்து, முதல் அளவோடு ஒப்பிடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு வித்தியாசம் 5 மி.மீ.க்குள் நின்றால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அதற்கு மேல் இருந்தால், முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஸ்பிரிங் சீட்டுக்கு (ஸ்பிரிங் அமர்ந்திருக்கும், மரையில் திருகும் வளையம்) கீழே தெரியும் மரையின் நீளம் ஒன்றுதானா என்று பாருங்கள். அவசரமாகப் பொருத்தும் இடங்களில் இதுவே மாறியிருக்கும். மரை சமமாக இருந்தும் வண்டி சாய்ந்தால், முன்பக்க ஸ்பிரிங்குகளை மட்டும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள். சாய்வு ஸ்பிரிங்கோடு சேர்ந்து இடப்பக்கம் போனால் குறை ஸ்பிரிங்கில். வலப்பக்கமே தங்கினால் குறை வேறிடத்தில். கடைக்காரர் முன்னிலையில் செய்து பார்க்கும் இந்த ஒரு சோதனை, நூறு வாக்குவாதங்களுக்குச் சமம். சாய்வு இடம் மாறாதபோது, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே முறுக்கினார்களா என்று கேளுங்கள். அப்படி முறுக்கிய பக்கத்தில் ரப்பர் முறுகி நின்று அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும், அதனால் மறுபக்கம் தாழ்ந்து தெரியும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது தளர்த்தி முறுக்கினால் அது சரியாகும்.

இனி மரையைத் திருப்பும் வேலை. தாழ்ந்த மூலையை மட்டும் பிடித்து 12 மி.மீ. ஏற்றுவதைத்தான் பலரும் செய்கிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது. ஒரு கால் குட்டையான கட்டிலுக்கு அடியில் அட்டை வைப்பதைப்போல, வலது முன்பக்கத்தை ஏற்றினால் அந்தச் சக்கரமும் அதன் மூலைவிட்டமான இடது பின்சக்கரமும் கூடுதல் எடையைத் தாங்கும். மற்ற இரண்டும் இலகுவாகும். பார்வைக்கு மட்டமாக நிற்கும் அந்த வண்டி, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறி இறங்கும் 27 கொண்டை ஊசி வளைவுகளில், இடது வளைவில் ஒருவிதமாகவும் வலது வளைவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எடை குறைந்த சக்கரம் முதலில் பிடி இழக்கும். எனவே முதலில் ஸ்டெபிலைசர் பாரின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராடைக் கழற்றிவிட்டு, மரையைப் பிரஷ்ஷால் துடைத்து, சீட்டைப் பூட்டியிருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, தாழ்ந்த பக்கத்தை முன்னும் பின்னும் பாதி ஏற்றி, உயர்ந்த பக்கத்தை முன்னும் பின்னும் பாதி இறக்கி, ஒவ்வொரு முறையும் உருட்டி, நான்கு மூலைகளையும் அளக்க வேண்டும். இறக்கும்போது ஒரு கவனம்: சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடினால் சீட் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. முடிந்ததும் லிங்க் ராடின் நீளத்தைச் சரிசெய்து மாட்டி, வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்தான் குறை என்று தெரிந்தால் மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. பொருத்தியதில் பிழை என்றால் அது சேவைக் குறைபாடு, கூலியின்றிச் சரிசெய்யச் சொல்லலாம். இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. பில் வேண்டும், துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிப்பது கடினம். கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நீங்கள் ஈரோட்டில் குடியிருப்பதால் அங்கேயே தாக்கல் செய்யலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. நிறுவனம் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் கேள்வி கேட்கக்கூடும். ஆகவே உயரத்தைச் சமன்செய்யும்போது பழைய உயரத்தை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய காயிலோவர் செட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: நேரில் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். ஷாக் அப்சார்பரின் ராடில் நகத்தை ஓட்டிப் பார்த்தால், புள்ளி அரிப்பு இருந்தால் தட்டுப்படும். ராடைச் சுற்றியுள்ள ஆயில் சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கக் கூடாது. இடது, வலது ஸ்பிரிங்குகளில் அச்சிட்ட எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டைத் திருப்பும் சி-ஸ்பேனரைக் கையோடு கொண்டுபோய், நான்கிலும் ஸ்பிரிங் சீட்டை மரையின் மேல்முனை முதல் கீழ்முனை வரை விற்பவர் எதிரிலேயே திருப்பிப் பாருங்கள். ஒன்று இறுகிப்போயிருந்தாலும் அந்தச் செட் வேண்டாம்.