கிளவுடுக்கு (இணையவழி வாடகை சர்வர்களுக்கு) மாறி முடித்தபின், பாதுகாப்பை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்டை மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்தால் போதுமா?

போதாது. மாறத் தொடங்கும் முன்பே எடுங்கள். மூன்று மாத ஒப்பந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியீட்டுத் தேதியை உங்கள் நிர்வாகம் ஏற்கெனவே வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

சென்னையில் நான் இருந்த நிறுவனத்தில், முக்கால்வாசி வேலை முடிந்தபிறகு ஆள் தேடினோம். நேர்காணல் செய்தவன் நான். 2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியிலிருந்து ஏறத்தாழ 10 கோடிப் பேரின் விவரங்கள் எப்படிக் களவுபோயின என்று எல்லாரிடமும் கேட்டேன். சான்றிதழ்களை அடுக்கியவர்கள் திணறினார்கள். ஒருவர் மட்டும் தாளில் வரைந்து காட்டினார்: தவறாக அமைத்த ஃபயர்வால் (வெளியாரைத் தடுக்கும் அரண்), அதன் வழியே மெட்டாடேட்டா சேவையிடம் (கிளவுட் சர்வருக்கு அதன் விவரங்களையும் சாவிகளையும் தரும் உள்சேவை) பெற்ற தற்காலிகச் சாவி, அந்தச் சாவிக்குத் தேவைக்கு மீறிய அனுமதி.

அவரைத்தான் எடுத்தோம். இரண்டாம் நாளே எங்கள் சர்வர்களிலும், கூடுதல் சோதனையின்றிச் சாவி தரும் அதே பழைய மெட்டாடேட்டா முறை இருப்பதைக் கண்டுபிடித்தார். அறிக்கை அச்சிடும் ஒரு சாதாரண சர்வருக்கு எல்லா எஸ்3 பக்கெட்டுகளையும் (அமேசான் கிளவுடின் கோப்புக் கிடங்குகளை) படிக்கும் அனுமதி இருந்தது. சரிசெய்ய ஆறு வாரம் கேட்டார். நிர்வாகம் இரண்டு வாரம் கொடுத்து, ‘பாதுகாப்பானது’ என்று கையெழுத்துக் கேட்டது. அவர் மறுத்தார். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. பிறகு ஓடிக்கொண்டிருந்த அமைப்பிலேயே அனுமதிகளை ஒவ்வொன்றாகக் குறைத்தோம். ஒன்றைக் குறைத்தால், இரவில் தானாக ஓடும் நிரல் ஒன்று நின்றுபோகும். ஐந்து மாதம் ஆனது.

நிரந்தர ஊழியர் இருக்க வெளியாள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தகுதியானவர் உள்ளே இருந்தால் தேவையில்லைதான். எங்களிடம் இல்லை. எடுக்கும்போது, வெளியீட்டை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முதல் நாளிலிருந்து உங்கள் ஊழியர் ஒருவரை அவருடன் உட்கார வையுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தக்காரர் என்பதற்காக, நாங்கள் எடுத்த அந்த ஆர்க்கிடெக்டின் கழுத்தில் வேறு நிற அடையாள அட்டைப் பட்டை. உணவகத்தில் சலுகை விலை கிடையாது. பதிவுபெற்ற குறுநிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அவர் பதிவு பெற்றவர். கடைசி பில்லுக்குப் பணம் நான்காம் மாதம்தான் போனது. அதுவரை வாரம் தவறாமல் என்னைத்தான் அழைத்துக் கேட்டார், ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாமல்.