ஃப்ரெண்டோட போர்ஷேல ஸ்டெல்வியோ

கேள்வி: மியூனிக்ல இருக்கேன் சார், ஃப்ரெண்டு தன்னோட போர்ஷே 911 தர்றேங்கிறான், ஜூலைல இத்தாலி ஸ்டெல்வியோ மலைப்பாதை வரைக்கும் ஓட்டிட்டுப் போகலாமா?

பதில்: தாராளமா போங்க தம்பி, ஆனா மொதல்ல இன்சூரன்ஸ பாருங்க, ஜெர்மனில நிறைய பாலிசில யார் யார் ஓட்டலாம்னு குறிச்சிருப்பாங்க, நீங்க அதுல இல்லன்னா சேர்க்கச் சொல்லுங்க, வண்டி பேப்பரும் ஃப்ரெண்டு கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் கைல இருக்கட்டும். ஜெர்மனி மோட்டார்வேயான ஆட்டோபான்ல சில இடத்துல வேக லிமிட்டே கிடையாது, ஆஸ்திரியால மோட்டார்வேல 130 தான், விக்னெட்டும் (டோல் ஸ்டிக்கர்) வேணும். ஸ்டெல்வியோ 2757 மீட்டர் உயரம், பிராட்டோங்கிற ஊர்ப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு! ஏறுறது அவ்ளோ சுகம், இறங்கும்போதுதான் கவனம், பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடேறி பிடிக்காம போயிடும், சின்ன கியர்ல இறக்குங்க. சைக்கிள்காரங்க நிறைய வருவாங்க, அவசரப்படுத்தாதீங்க. டேங்க ஃபுல் பண்ணி வண்டிய திருப்பிக் குடுங்க.